அரவத்தின் அரவம்

தமிழில் ‘அரவம்’ என்னும் சொல் இரண்டு பொருள் தரும். பாம்புக்கும் அரவம் என்று பெயர். ஓசைக்கும் அரவம் என்று பெயர். நள்ளிரவில் கொல்லைப்புறத்தில் ஏதோ அரவம் இருப்பதாக வீட்டுப் பெரியவர் சொன்னால், அவர் ஓசையைச் சொன்னாரா, ஓசையை எழுப்பிய பிராணியைச் சொன்னாரா என்று ஐயுற இடமுண்டு. அகராதி வகுத்த அறிஞர்கள் இவற்றை ஒரே சொல்லாகக் கொள்வதில்லை. பாம்பைக் குறிக்கும் அரவம், அரா, அரவு என்ற பழந்தமிழ்ச் சொற்களின் இனத்தது. ஓசையைக் குறிக்கும் அரவம் வடமொழியின் வழி வந்தது. பிறப்பால் வேறான இரு சொற்கள் வடிவால் ஒன்றாயின.

வெளிமாநிலங்களில் குடியேறிய தமிழர் இச்சொல்லின் மூன்றாம் பொருளையும் அறிந்திருப்பர். தெலுங்கு பேசுவோர் நம் மொழியை ‘அரவம்’ என்றே வழங்குவர். கன்னட நாட்டிலும் முதியோர் சிலர் வாயில் ‘அரவ’ என்ற பெயர் உண்டு. இப்பெயரின் மூலத்தைப் பற்றி அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. பழைய அருவா நாட்டின் பெயரோடு அதனை இணைத்தவரும் உளர். நாம் உரக்கப் பேசுவதால் வந்த பெயர் என்று அண்டை வீட்டார் சொல்வது கேலியே அன்றி மொழிநூல் அன்று.

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியதற்குக் காரணம், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மழைக்கால மாலையில் எழுந்த அரவமே. தமிழ் கேளாத தெருவே இல்லை என்னும்படி நம்மவர் நிறைந்த பேட்டை அது. கன்னட மொழிக்குப் பேரகராதி ஒன்றை 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாகக் கிட்டல் நகர் என்று அதற்கு மறுபெயர் இட்டிருக்கின்றனர். ஆனால் பேருந்து நடத்துநர் முதல் காய்கறி விற்பவர் வரை அனைவர்க்கும் அது ஆஸ்டின் டவுனே. இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் சாக்கடைகள் நிரம்பியிருந்தன. நாம் சென்றிருந்த வீட்டின் மதிலோரம், பூந்தொட்டிகளுக்கும் காய்ந்த தென்னை மட்டைகளுக்கும் இடையிலிருந்து ஓர் ஓசை வந்தது. தாழ்ந்த உறுமல் போன்றது ஒன்று. அதனோடு சருகு படபடப்பது போன்றது மற்றொன்று. கூட்டம் கூடிவிட்டது.

“விரியன்தான் சார், சீறுது பாருங்க” என்று கையில் கழியுடன் முன்வந்தான் ஓர் இளைஞன். எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியார், “பேடப்பா, ஹொடீபேடி. கேரே ஹாவு, பாப!” என்று தடுத்தார். அடிக்காதே, சாரைப் பாம்பு, பாவம் என்பது அவர் கூற்று. ஓசை ஒன்றுதான், அதில் இளைஞன் கேட்டது சினம், பாட்டியார் கேட்டது அச்சம். யார் கேட்டது சரி என்பதைப் பிறகு சொல்லுவோம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாம்பு ஏன் ஒலி எழுப்புகிறது? யாருக்காக எழுப்புகிறது?

நம் மொழி இதற்கு ஒரு விடையை முன்பே சொல்லி வைத்திருக்கிறது. பாம்பு ‘சீறும்’ என்கிறோம். சினங்கொண்ட மனிதனும் ‘சீறுவான்’. சீற்றம் என்றாலே சினம். அண்டை மொழிகளில் வாழும் நேயர்கள் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கன்னடத்தில் பாம்பு ‘புஸுகுட்டு’ம், தெலுங்கில் ‘புஸகொட்டு’ம், இந்தியில் அதன் ஓசை ‘புங்கார்’. இவையெல்லாம் மூச்சின் ஒலியைப் போலச் செய்த சொற்கள். தமிழிலும் ‘புஸ்’ உண்டு என்றாலும், நம் இலக்கிய வழக்கு ஒலியோடு நில்லாமல் பாம்பின் உள்ளத்திற்குள்ளும் புகுந்து அங்கே கோபத்தைக் கண்டுவிட்டது. மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்தவர்க்கு இத்தகைய சொற்களின் மேல் ஓர் ஐயம் எப்போதும் உண்டு. சொல் தரும் பொருளை உலகம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், நாம் பெயர்ப்பது மொழியை அன்று, தவற்றை.

சீற்றத்தின் செய்முறை மிக எளியது. பாம்புக்கு நம்மைப் போல் குரல்நாண்கள் இல்லை. வாயின் அடித்தளத்தில் மூச்சுக்குழலின் வாய் ஒரு சிறு பிளவாகத் திறக்கிறது. உடலின் பெரும்பகுதிக்கு நீண்டு கிடக்கும் நுரையீரலில் காற்றை நிரப்பி அப்பிளவின் வழியாக விரைந்து வெளியேற்றும்போது எழுவதே சீறல். நம் நாட்டுப் பாம்புகளுள் இதில் தலைசிறந்தது கண்ணாடி விரியன். அது மூச்சை விடும்போதும் சீறும், இழுக்கும்போதும் சீறும். தடித்த உடல் ஊதிச் சுருங்குவதைச் சற்றுத் தொலைவிலிருந்தே காணலாம். அடுப்பில் ஏற்றிய பிரஷர் குக்கர் நீராவி விடுவதோடு அதனை ஒப்பிடுபவர் பலர். அவ்வுவமையில் மிகை இல்லை. வட அமெரிக்காவில் பைன் பாம்பு என்று வழங்கும் இனத்தில் மட்டும் மூச்சுக்குழலின் வாயில் மெல்லிய தடுப்புத் தசை ஒன்று இருந்து, காற்று படும்போது அதிர்கிறது. பாம்பினத்தில் குரல்நாணுக்கு அருகே வரும் உறுப்பு அது ஒன்றே எனலாம்.

ராஜநாகத்தின் செய்தி வேறு. அது சீறுவதில்லை, உறுமுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அதனை நேரில் கண்டோர், நாய் உறுமியது என்று எண்ணித் திரும்பிப் பார்த்ததாகச் சொல்வதுண்டு. 1991-ஆம் ஆண்டில் புரூஸ் யங் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதன் காரணத்தை வெளியிட்டார். ராஜநாகத்தின் மூச்சுக்குழலில் சிறு சிறு பைகள் போன்ற கிளைகள் உள்ளன. அவை நாதசுரத்தின் உடல் போல் ஒலியைத் தாழ்த்தி முழங்கச் செய்கின்றன. சீறலில் உயர்ந்த ஒலிகள் பல கலந்திருக்க, இவ்வுறுமலோ வினாடிக்கு 600 அதிர்வுகளைச் சூழ்ந்து அமைகிறது. நம் வயல்வெளிச் சாரைக்கும் இத்தகைய உறுமல் உண்டு என்று அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். விஷமற்ற சாரை, விஷமுள்ள ராஜநாகத்தின் குரலைப் போலச் செய்து பிழைக்கிறதோ என்ற ஐயத்தையும் எழுப்பினார். ராஜநாகத்தைக் கன்னடத்தார் ‘காளிங்க சர்ப்ப’ என்பர். 2024-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இனத்திற்கு அக்கன்னடப் பெயரையே அறிவியற் பெயராக்கி, ‘ஓஃபியோஃபாகஸ் காளிங்கா’ என்று சூட்டினர்.

உள்நாட்டுப் பெயர்கள் பாம்பு நூலேறுவது இது முதல் முறை அன்று. இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பெயர் ஒன்று இலண்டனில் அச்சேறியது. அதனைச் செய்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். எடின்பரோவில் பிறந்து, சிரியாவின் அலெப்போ நகரில் நெடுநாள் மருத்துவம் பார்த்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பெற்ற தம் தம்பியோடு விசாகப்பட்டினத்திற்கு வந்தார். 1785-இல் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சென்னை மாகாணத்தில் அமர்ந்தார். பாம்புக்கடியால் மக்கள் மாய்வதையும், எது விஷப்பாம்பு எது அன்று என்று அறியாமல் எல்லாப் பாம்புக்கும் அஞ்சுவதையும் கண்டு, பாம்புகளைத் திரட்டி ஆராயத் தொடங்கினார். புகழ்பெற்ற தஞ்சாவூர் மாத்திரை பாம்புக்கடிக்குப் பயன்படுமா என்று சோதித்தவரும் அவரே. அம்மாத்திரையில் பாஷாணம் இருந்தது. அது தனிக் கதை. 1796-இல் அவருடைய ‘சோழமண்டலக் கரையில் திரட்டிய இந்தியப் பாம்புகளின் விவரம்’ என்ற பொருள்பட்ட ஆங்கில நூல் வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. கண்ணாடி விரியனை அவர் தெலுங்குப் பெயராலேயே அந்நூலில் குறித்தார். மறு ஆண்டு அப்பாம்பிற்கு வேறொருவர் ரஸ்ஸலின் பெயரையே அறிவியற் பெயராக இட்டார். இன்றும் ஆங்கிலத்தில் அது ரஸ்ஸல் விரியனே.

ஆனால் நம் கண் நிற்கவேண்டிய இடம் அந்நூலின் இரண்டாம் படம். ஆரணியிலிருந்து கிடைத்த சிறு விரியன் ஒன்று அதில் இருக்கிறது. அதன் பெயராக ரஸ்ஸல் எழுதியது ‘ஹொராட்டா பாம்’. ‘பாம்’ என்பது ‘பாம்பு’ என்பதில் ஐயமில்லை. ‘ஹொராட்டா’ என்பதை எம் செவிக்குச் ‘சுருட்டை’ என்றே கேட்கிறது. ஆரணிக் குடியானவர் ஒருவர் சொன்னதைத் துபாஷி ஒருவர் திருப்பிச் சொல்ல, ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஆங்கில எழுத்தில் எழுதினால் சுருட்டை ஹொராட்டா ஆவதில் வியப்பில்லை. இது எம் ஊகமே. எனினும் படத்தில் இருப்பது சுருட்டை விரியன்தான். 1801-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் இப்படத்தையும் விவரத்தையும் கொண்டு அதற்குக் ‘காரினாட்டா’ என்ற லத்தீன் பெயரைத் தந்தார். செதிலின் நடுவே படகின் அடிமரம் போல ஓடும் வரம்பை அது குறிக்கிறது. ‘எக்கிஸ் காரினேட்டஸ்’ என்று உலகம் முழுதும் இன்று வழங்கும் பாம்பின் மூல ஊராக நூல்களில் எழுதப்பட்டிருப்பது நம் ஆரணியே.

இச்சுருட்டைதான் இந்தியாவின் கிலுகிலுப்பைப் பாம்பு. உண்மைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. கனடாவின் தென்பகுதி முதல் அர்ஜென்டினா வரை பரவியவை, கடல் தாண்டி வந்ததே இல்லை. சுருட்டை வாலால் ஒலிப்பதில்லை, உடலால் ஒலிக்கிறது. அச்சுறுத்தினால் அது அரைவட்ட மடிப்புகளாகத் தன்னை மடித்துக்கொண்டு, தலையை நடுவே நிறுத்தி, மடிப்போடு மடிப்பை எதிர்த்திசையில் ஓயாமல் உரசும். அதன் விலாப்புறச் செதில்கள் சாய்வாக அமைந்தவை. ஒவ்வொன்றின் வரம்பும் ரம்பப் பல் போலக் கூரியது. காய்ந்த தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் எழும் ‘சொய்ங்’ என்ற ஓசை இடைவிடாமல் நீள்வதாக எண்ணிக்கொண்டால் அவ்வொலி விளங்கும். கன்னடத்தில் இன்று இதற்குக் ‘கரகச மண்டல’ என்று பெயர். கரகசம் என்றால் ரம்பம். தமிழன் அதன் கிடையைப் பார்த்துப் பெயரிட்டான். கன்னடப் பெயர் அதன் செதிலிலிருந்து பிறந்தது. மூச்சைக் கொட்டிச் சீறினால் உடலின் ஈரம் வீணாகும் என்பதால், வறண்ட நிலத்தில் வாழும் இப்பாம்பு உரசலைக் கைக்கொண்டது என்று கருதியோர் உண்டு. ஒரு முழத்திற்குச் சற்று மேற்பட்ட இச்சிறு உயிரை மிதிப்பவர் பலர். கல்லும் சருகும் மணலும் கலந்த நிறம் அதற்கு. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும் பாம்பு அது.

இனி, பெயராலேயே ஒலிப்பதான அமெரிக்கப் பாம்பிற்கு வருவோம். அதனைத் தமிழில் கிலுகிலுப்பைப் பாம்பு என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். திருவிழாக் கடையில் வாங்கும், உள்ளே கல்லோ விதையோ இட்டு ஓலையால் முடைந்த குழந்தை விளையாட்டுப் பொருள் நம் மனத்தில் தோன்றுகிறது. அங்கேதான் மொழிபெயர்ப்பு நம்மை ஏமாற்றுகிறது. அப்பாம்பின் வாலுக்குள் கல்லும் இல்லை, விதையும் இல்லை, ஒன்றுமே இல்லை. வாலின் நுனியில், நம் நகத்தின் பொருளாலேயே ஆன வெற்றுக் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவ்விக்கொண்டு தளர்வாக நிற்கின்றன. வால் அசையும்போது அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அம்மோதலின் ஓசையே கிலுகிலுப்பு.

பிறக்கும்போது குட்டிக்கு வால்நுனியில் சிறு மொட்டு மட்டும் உண்டு. மோதுவதற்கு இணை இல்லாததால் அது ஒலிப்பதில்லை. பாம்பு சட்டை உரிக்கும்போதெல்லாம் பழைய கிண்ணத்தின் அடியில் புதியது ஒன்று உருவாகிறது. மற்றச் சட்டை முழுதும் கழன்றுபோக, இந்தப் பழைய கிண்ணம் மட்டும் புதியதன் இடுப்பில் சிக்கி நின்றுவிடுகிறது. கிண்ணங்களை எண்ணிப் பாம்பின் வயதைச் சொல்லலாம் என்பது பரவலான நம்பிக்கை, அது பிழை. ஓராண்டில் பலமுறை சட்டை உரியும். முற்றிய கிண்ணங்கள் நுனியிலிருந்து உடைந்து உதிரும். கிலுகிலுப்பையை ஆட்டும் வால் தசை முதுகெலும்புள்ள பிராணிகளின் தசைகளுள் மிக விரைவானவற்றில் ஒன்று. குளிரில் மெதுவாகவும் வெயிலில் விரைவாகவும் ஆடும். சூடேறிய பாம்பு வினாடிக்கு 90 முறை வரை ஆட்டவல்லது. மணிக்கணக்கில் சோர்வின்றி ஆட்டும்.

ஐரோப்பாவில் இப்பாம்பை முதன்முதல் நுணுக்கமாக அறுத்துப் பார்த்தவர் எட்வர்ட் டைசன். வர்ஜீனியாவிலிருந்து இலண்டனுக்கு வந்த பாம்பு அது. 1683-இல் அவரது விவரம் வெளியாயிற்று. பெயர் சூட்டியவர் லின்னேயஸ், 1758-இல். ‘குரோட்டலஸ்’ என்ற அப்பெயர், கையில் வைத்துத் தட்டும் தாளக்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன், முற்றிய காயினுள் விதைகள் கலகலக்கும் செடிகளுக்கு அதே கிரேக்கச் சொல்லிலிருந்து ‘குரோட்டலேரியா’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். நம் நாட்டு வரப்புகளில் மஞ்சளாகப் பூக்கும் அச்செடிகளுக்குத் தமிழர் இட்ட பெயர் என்ன? கிலுகிலுப்பை! ஸ்வீடன் நாட்டு அறிஞரும் தமிழ்நாட்டுச் சிறுவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஓசையைக் கேட்டு ஒரே மாதிரிப் பெயரிட்டனர். நுணுகிப் பார்த்தால் லின்னேயஸின் சொல் பாம்புக்குப் பொருந்துகிறது, நம் சொல் செடிக்குப் பொருந்துகிறது. பஜனைக் கூடங்களில் கையில் ஏந்தித் தட்டும் சப்ளாக்கட்டையின் பெயரால் அப்பாம்பை மொழிபெயர்த்திருந்தால் உண்மைக்கு அருகில் வந்திருப்போம். ஆனால் வழக்கில் ஊன்றிவிட்ட பெயரைப் பெயர்க்க யாரால் இயலும்?

இவ்வோசையைச் சினமாகக் கேளாமல் அறிவிப்பாகக் கேட்டவர்களும் வரலாற்றில் உண்டு. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரிட்டனை எதிர்த்து எழுந்த 1775-ஆம் ஆண்டில், மஞ்சள் துணியில் சுருண்ட கிலுகிலுப்பைப் பாம்பு தீட்டிய கொடி ஒன்று உயர்ந்தது; என்மேல் கால் வைக்காதே என்பது அதன் வாசகத்தின் கருத்து. அவ்வாண்டின் இறுதியில் பிலடெல்பியாப் பத்திரிகை ஒன்றில் பெயரின்றி வந்த கட்டுரை, இப்பாம்பு தானாக வலுச்சண்டைக்குப் போவதில்லை, எச்சரிக்காமல் கடிப்பதில்லை என்று புகழ்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்ளின் எழுதியது என்று பலர் கருதுகின்றனர். எச்சரிக்காமல் கடித்த கிலுகிலுப்பைப் பாம்புகளும் உண்டு என்பதால் அப்புகழ்ச்சியை முழுதும் ஏற்பதற்கில்லை. ஆனால் ஓசையின் நோக்கத்தை அக்கட்டுரையாளர் சரியாகவே உணர்ந்தார். அண்மையில், 2021-இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் வேறொரு நுட்பத்தைக் கண்டனர். ஆள் நெருங்க நெருங்கக் கிலுகிலுப்பு மெல்ல விரைவாகி, வினாடிக்கு 40 அளவை எட்டியதும் திடீரென 60-க்கு மேல் தாவுகிறது. அத்தாவலைக் கேட்ட மனிதர்கள், பாம்பு உண்மையில் இருப்பதைவிட மிக அருகில் இருப்பதாக எண்ணினர். தொலைவைக் குறைத்துச் சொல்லி வழிப்போக்கனை முன்கூட்டியே நிறுத்தும் தந்திரம் இது. இப்பாம்பிற்கு இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை கிடைத்துவருகிறது. கிலுகிலுப்பை இல்லாத எத்தனையோ பாம்புகள் அஞ்சும்போது வாலைச் சருகில் படபடவென்று அடிக்கின்றன. அச்சத்தால் எழுந்த அவ்வாலாட்டமே முதல். கருவி பின்னால் வந்தது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து.

சரி, பாம்பின் ஓசையைப் பாம்பு கேட்கிறதா? நம் நிகண்டுகள் பாம்புக்குக் ‘கட்செவி’ என்று ஒரு பெயர் தந்துள்ளன. கண்ணையே செவியாக உடையது என்பது பொருள். முன்னோர் பாம்பின் தலையில் காதைத் தேடிக் காணாது, கண்ணில் வைத்துவிட்டனர். பிற்காலத்து விஞ்ஞானிகள் கண்ணையும் மறுத்து, பாம்பு முழுச்செவிடு என்றனர். இரண்டும் பிழை. பாம்புக்குப் புறச்செவி இல்லை, செவிப்பறை இல்லை; ஆனால் உட்செவி உண்டு. அதிலிருந்து செல்லும் சிறு எலும்பு தாடையோடு இணைந்திருக்கிறது. 1960-இல் அமெரிக்காவில் வீவர் என்பவரும் அவருடன் பணிசெய்தவரும் பாம்பின் உட்செவி ஒலிக்கு மறுமொழி தருவதை மின்கருவியால் அளந்து காட்டினர். 2012-இல் டென்மார்க்கில் மலைப்பாம்புகளிடம் நடந்த சோதனை, காற்றில் வரும் ஒலி மண்டை ஓட்டை அதிரச்செய்து உட்செவியை அடைகிறது என்றும், வினாடிக்கு 80 முதல் 160 வரையான தாழ்ந்த ஒலிகளே நன்கு கேட்கின்றன என்றும் தெளிவாக்கியது. 2023-இல் ஆஸ்திரேலியாவில் 19 பாம்புகளுக்கு ஒலிகளைக் கேட்பித்தபோது பலவகைப் பாம்புகள் ஒலியிலிருந்து விலகின. ஒருவகை மலைப்பாம்பு மட்டும் ஒலியை நோக்கி நகர்ந்தது. இரவில் சீழ்க்கை அடித்தால் பாம்பு வரும் என்று நம் வீடுகளில் குழந்தைகளை அதட்டுகிறோமே, அச்சீழ்க்கை பாம்பின் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மகுடியின் முன் ஆடும் நாகமும் அசையும் குழலைக் கண்ணால் தொடர்கிறதே தவிர ராகத்தைக் காதால் சுவைப்பதில்லை.

இந்த எண்களை முன்னே சொன்னவற்றோடு வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். கிலுகிலுப்பின் ஓசை வினாடிக்கு 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது. ராஜநாகத்தின் உறுமல் 600. பாம்பின் செவி கூர்மையாகக் கேட்பதோ 160-க்கு உட்பட்டது. எனவே பாம்பு எழுப்பும் ஓசை பாம்புக்கே சரியாகக் கேளாது! குயில் குயிலை அழைக்கிறது. தவளை தவளையை அழைக்கிறது. பாம்பு பாம்போடு பேசுவதில்லை. அதன் ஓசை முழுவதும் மிதிக்க வரும் மாட்டுக்கும், கவ்வ வரும் கீரிக்கும், கழியோடு வரும் நமக்கும் உரியது. சீற்றம் என்று நாம் பெயரிட்டது, பிறர் செவிக்கென்றே அமைந்த விலகல் வேண்டுகோள்.

அவ்வேண்டுகோளைப் பிழையாகக் கேட்பதில் உயிர் போகிறது. 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்றும், சராசரியாக ஆண்டுக்கு 58,000 என்றும் 2020-இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள். ஓசை கேட்டு நின்றவிடத்தில் நின்று, பார்த்துப் பின்வாங்கியவர் இக்கணக்கில் சேர்வது அரிது. கழியெடுத்து நெருங்கியவர் சேர்கிறார். கட்டுவிரியனால் மாண்டவரும் சேர்கின்றனர். அது பெரும்பாலும் ஓசையே செய்யாத பாம்பு. இரவில் தரையில் படுத்துறங்குபவரின் பாயருகே வந்து கடிக்கும். கடிபட்டதுகூடச் சில வேளை தெரிவதில்லை. ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கும் நம்மவர்க்கு இது தெரிந்திருக்கவேண்டும். கட்டிலும், ஓரங்களைச் செருகிய கொசுவலையும் அங்கே பெருங்காப்பு.

கடிபட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைவதே வழி. அம்மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொண்டு ஆக்கப்படுவது. அவ்விஷத்தைப் பெருமளவில் தந்துவருபவர் செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள். பாம்புத் தோல் வாணிகத்தை அரசு தடுத்தபின், பாம்பைக் கொல்லாமல் விஷமெடுத்து விடுவிக்கும் கூட்டுறவுச் சங்கத்தை 1978-இல் அமைத்தனர். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கர்நாடக அரசு 2024 பிப்ரவரியிலும் தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு நவம்பரிலும் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய ஒன்றாக்கின. இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு அதே ஆண்டு ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது.

ஆஸ்டின் டவுன் மாலைக்குத் திரும்புவோம். பாட்டியாரின் சொல்லுக்காகவோ, இருட்டிவந்ததாலோ, இளைஞன் கழியைத் தாழ்த்தினான். யாரோ தொலைபேசியில் அழைக்க, பாம்பு மீட்கும் தொண்டர் ஒருவர் முக்கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதுவரை யாரும் நெருங்கவில்லை, ஓசையும் அடங்கியிருந்தது. அவர் தென்னை மட்டையை நீண்ட கொக்கியால் தூக்கியதும் மீண்டும் அதே உறுமல், அதே படபடப்பு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஏறத்தாழ ஓர் ஆள் நீளம் வெளிவந்தது. கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உறுமிக்கொண்டே, வாலால் காய்ந்த மட்டையை அடித்துக்கொண்டிருந்தது அந்தச் சாரை.

“நான் சொன்னேனல்லவா” என்பதைப் பாட்டியார் கன்னடத்தில் சொன்னார். இளைஞன் தமிழில், “அஜ்ஜி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டான். தம் ஊரில் நெல் குதிருக்கு அடியில் ஆண்டு தோறும் ஒன்று வந்து இருக்குமாம். கிட்டே போனால் இப்படித்தான் பயந்து உறுமுமாம். தொண்டர் பாம்பைத் துணிப்பையில் விட்டு வாயைக் கட்டினார். வண்டி தெருமுனை திரும்பும் வரை பைக்குள்ளிருந்து அந்த அரவம் கேட்டுக்கொண்டிருந்தது.